புழுக்கத்துக்குப் பெயர் வைப்போம்



சொல்லாராய்ச்சிக்கென்று ஏற்படுத்தப்பட்ட இந்த அறக்கட்டளையின் மேடையில், சிரிப்புக்காகப் பிறந்த சொற்களைப் பற்றிப் பேச இத்துறையினர் இசைவு தந்திருக்கிறார்கள். அடைத்த அறையில் தேங்கிய காற்றுக்கும் அடைத்த மண்டையில் தேங்கிய எண்ணத்துக்கும் மனிதர்கள் வேடிக்கையாக வைத்த பெயர்கள்தாம் இன்றைய பொருள். அப்படிப்பட்ட பெயர்கள் இன்னும் நமக்கு வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறையின் புழுக்கம் அறைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து வருபவருக்குத்தான் தெரியும். வந்தவர் அதைச் சொல்லவேண்டும், இருப்பவர் அதைக் கேட்கவேண்டும். இரண்டும் நடக்க ஒரு சொல் தேவை. அந்தச் சொல்லில் சிரிப்பு இருந்தால் சொல்பவருக்குத் துணிச்சல் வருகிறது, கேட்பவருக்குக் கோபம் தணிகிறது. ஆகவே நகைச்சுவைச் சொல்லாக்கத்தை நான் பொழுதுபோக்காகக் கருதவில்லை. ஒரு சமூகம் தன் சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளும் வழியாகக் கருதுகிறேன்.

மூக்கு பழகிவிடும்

காற்றிலிருந்தே தொடங்குவோம். வெளிக்காற்றில் இன்று கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000 பங்கு. கதவு, சன்னல் எல்லாம் சாத்திய வகுப்பறையில் நாற்பது பேர் உட்கார்ந்தால் அளவு விறுவிறுவென்று ஏறும். ஓர் அறையில் அது 1,600ஐத் தொட்டிருந்தால், அங்கே நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு முன்பே யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய்வந்தது என்று கணக்கிடலாம். கரியமில வாயுவுக்கு மணம் இல்லை. அதோடு சேர்ந்து வரும் உடல்வாடைக்கு மணம் உண்டு. ஆனால் மூக்கு சில நிமிடங்களிலேயே பழகிப்போகும்.

இதை நன்றாக உணர்ந்திருந்தவர் ஹார்வர்டில் ஆய்வு செய்த யாக்லூ. 1936இல் வெளியான அவரது காற்றோட்ட ஆய்வில், அறைக் காற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தூய காற்றிலிருந்து அப்போதுதான் உள்ளே நுழைந்தவர்களிடம் தரப்பட்டது. உள்ளேயே இருப்பவர்கள் நாணயமாகப் பதில் சொன்னாலும் அது பயன்படாது. அவர்களுடைய மூக்கு அறையோடு சமாதானம் செய்துகொண்டுவிட்டது. பொறியியலில் இது ஓர் ஆய்வு முறை. பள்ளி, அலுவலகம், கட்சி, சங்கம், குடும்பம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று நான் நம்புகிறேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியை, மருமகளாக வந்த பெண், முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர் ஆகியோர் முதல் வாரத்தில் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் போனால் அவர்களுக்கும் பழகிவிடும்.

தேங்கிய காற்று எண்ணத்தையும் தேக்குமா? 2012இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 22 பேரை வைத்துச் செய்த சோதனையில், கரியமில வாயு 600 பங்கிலிருந்து 1,000க்கும் 2,500க்கும் ஏறியபோது முடிவெடுக்கும் திறன் பல அளவுகோல்களில் குறைந்தது. பின்னால் நடந்த எல்லா ஆய்வுகளும் இதை அப்படியே உறுதி செய்யவில்லை. ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உச்சிவேளைக் கூட்டத்தில், மூடிய அறையில் எடுக்கப்படும் முடிவுகளை மாலையில் ஒருமுறை மறுபடி பார்ப்பது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

காற்றை அளந்தவரின் மூடிய சன்னல்

அறைக் காற்றுக்கு ஓர் எல்லை வகுத்தவர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். 1858இல் அவர் சொன்ன எல்லை: பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு கரியமில வாயு. அந்த வாயுதான் கேடு என்று அவர் சொல்லவில்லை. அறையில் எவ்வளவு மனித மூச்சு தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும் என்றார். இன்றும் காற்றோட்டம் பற்றிய பேச்சில் அந்த ஆயிரம் அடிபடுகிறது. எத்தனையோ பள்ளிகளும் மருத்துவமனைகளும் சன்னல் வைத்துக் கட்டப்பட்டதில் அவருடைய பங்கு உண்டு.

அதே பெட்டன்கோஃபர் காலராவுக்குக் கிருமி ஒன்று மட்டுமே காரணம் என்பதை ஏற்கவில்லை. மண்ணின் நிலையும் சூழலும் கூடினால்தான் நோய் வரும் என்பது அவர் கொள்கை. 1892இல், 73 வயதில், காலராக் கிருமி வளர்த்த நீரைத் தானே குடித்துக் காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்துக்கொண்டார். தன் கொள்கை வென்றதாகவே எண்ணினார். அதே ஆண்டு ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுநீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. அங்கே காலராவில் 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒட்டியிருந்த ஆல்டோனா அதே ஆற்றுநீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அங்கே பாதிப்பு மிகக் குறைவு.

பெட்டன்கோஃபரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பெரியவர், தன் உடலையே பணயம் வைத்த நேர்மையாளர். உலகத்து அறைகளுக்கெல்லாம் சன்னல் திறந்தவரால் தன் கொள்கையின் சன்னலைத் திறக்க முடியவில்லை என்பதுதான் நாம் கற்க வேண்டியது. அறிவு அதிகமிருந்தால் புழுக்கம் வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு திருப்பமும் உண்டு. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கையை மருத்துவம் பெரும்பாடுபட்டு உதறியது. மலேரியா என்ற இத்தாலியப் பெயருக்கே ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்த நோயின் ஒட்டுண்ணியைக் கண்டபின் காற்று விடுதலையானது. ஆனால் அதன்பின் ‘காற்றால் பரவும்’ என்று யாராவது சொன்னாலே சந்தேகமாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோய் இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து மாற்றுக் கருத்தை எழுதவேண்டியிருந்தது. பழைய மூடிய அறையை விட்டு வெளியேறிய எண்ணம், காலப்போக்கில் தானே ஒரு மூடிய அறையாகிவிட்டது.

தூக்கமருந்துக்கு ஒரு புதிய வேலை

இப்போது சொல்லுக்கு வருவோம். 1906இல் அமெரிக்க எழுத்தாளர் ஜெலெட் பர்ஜெஸ், தேய்ந்த கருத்தையே திரும்பத் திரும்பச் சொல்பவர்களுக்கு ஒரு பெயர் தேடினார். அந்நாளில் நரம்பைத் தணித்துத் தூங்கவைக்க மருத்துவர்கள் கொடுத்த உப்பு புரோமைடு. அதையே அவர்களுக்குப் பெயராக வைத்தார். இவர்கள் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குக் கண் சொக்கும் என்பது உட்பொருள். நீங்கள் ஒரு புரோமைடா என்று கேட்கும் தலைப்போடு சிறு நூலாகவே எழுதினார். எதிர்வகைக்கு, அதாவது தானாகச் சிந்திப்பவருக்கு, சல்ஃபைட் என்று பெயரிட்டார்.

இந்தச் சொல் ஏன் பிடித்துக்கொண்டது? மருந்துப் புட்டி பல வீடுகளில் இருந்தது, விளக்கம் தேவைப்படவில்லை. திட்டாமல் குத்தியது. எல்லாவற்றையும் விட, தலைப்பே கேள்வியாக இருந்ததால் படிப்பவர் முதலில் தன்னைத்தான் சோதித்துப் பார்த்தார். காலப்போக்கில் அந்தப் பெயர் ஆளை விட்டு அவர் சொல்லும் தேய்ந்த வாக்கியத்தின் மேல் ஏறிக்கொண்டது. நல்ல சொல்லுக்கு இது அழகான முதிர்ச்சி: ஆள் தப்பினார், குற்றம் மட்டும் மாட்டிக்கொண்டது.

அடுத்த ஆண்டு, 1907இல், புத்தகத்தின் மேலுறைப் புகழ்ச்சிக்கு ‘பிளர்ப்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. 1914இல் தன் புதுச்சொற்களைத் தொகுத்து அகராதியே வெளியிட்டார். அதிலிருந்த பெரும்பாலானவை மறைந்துபோயின. அதனால் குறையொன்றுமில்லை. நூறு விதை தூவியவருக்கு இரண்டு மரம் கிடைத்தால் அது நல்ல விளைச்சல்தான்.

அங்கிகளுக்கு அடியில்

சொல்லைப் புதிதாகப் படைக்கத்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குள் கிடக்கும் சொல்லை அவைக்குக் கொண்டுவந்தாலும் போதும். 1967 நவம்பர் 9 அன்று ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் புதிய தலைவர் பொறுப்பேற்கும் விழா. பேராசிரியர்கள் மரபு அங்கியும் கழுத்துப்பட்டையும் அணிந்து வரிசையாக மண்டபத்துக்குள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் டெட்லெவ் ஆல்பர்ஸ், கெர்ட் ஹின்னெர்க் பெல்மர் என்ற இரு மாணவர்கள் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தபடி நடந்தார்கள். அங்கிகளுக்கு அடியில் ஆயிரமாண்டு மக்கல் வாடை என்று அதில் இயைபோடு எழுதியிருந்தது.

அங்கே அவர்கள் எடுத்தாண்ட சொல் ‘முஃப்’. ஈரம் பட்டு மூடிக்கிடந்த துணியின் வாடைக்கு ஜெர்மானிய வீடுகளில் புழங்கும் எளிய சொல். ஆயிரமாண்டு என்பதில் இரண்டு அடி விழுந்தது. ஒன்று பழைய மரபின் மேல். இன்னொன்று தங்கள் ஆட்சி ஆயிரமாண்டு நிலைக்கும் என்று கொக்கரித்த நாஜிகளின் காலத்தைப் பற்றி வாய்திறக்காத பல்கலைக்கழகத்தின் மேல். அந்தக் காலத்தில் பதவியிலிருந்த பலர் போருக்குப் பிறகும் மேடையில் இருந்தார்கள். மண்டபத்திலிருந்த பேராசிரியர் ஒருவர் மாணவர்களைப் பார்த்து, நீங்கள் வதைமுகாமில் இருக்கவேண்டியவர்கள் என்று கத்தினார். அந்த வாடை இன்னும் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன்பின் மேற்கு ஜெர்மனியின் பல்கலைக்கழக விழாக்களிலிருந்து அங்கிகள் வெகுவாக மறைந்தன.

நீண்ட அறிக்கைகள் பல எழுதப்பட்ட காலம் அது. நிலைத்தது ஒற்றைத் துணியில் எழுதிய ஒற்றை வரி. அலமாரி வாடைக்கு எந்தப் பேராசிரியரும் மறுப்புக் கட்டுரை எழுத முடியாது என்பதுதான் அதன் வலிமை.

நம் வீட்டுச் சரக்கு

தமிழ் இந்த வேலையில் தேர்ந்த மொழி. காற்றையும் மனத்தையும் ஒரே சொல்லால் தொடுவது நமக்குப் பழக்கம். புழுக்கம் என்றால் வியர்த்துக் கொட்டும் பிற்பகலும்தான், வெளியே சொல்ல முடியாத மனவேதனையும்தான். இறுக்கம் என்றால் இலை அசையாத நேரமும்தான், முகம் கொடுத்துப் பேசாத வீடும்தான். காற்று வரும் வழி என்று பொருள்படும் ‘காலதர்’ சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. போர்த்துகீசியரிடமிருந்து வந்த ‘ஜன்னல்’ இப்போது நம் வீட்டுப் பிள்ளை.

சலிப்பூட்டும் பேச்சுக்கு நம் மாணவர் விடுதிகள் பெற்றெடுத்த பெயர்களை வரிசையாகப் பாருங்கள்: அறுவை, ரம்பம், பிளேடு, கடி, மொக்கை. ஒரு சொல்லின் கூர் மழுங்கியதும் அடுத்த தலைமுறை வேறு கருவியை எடுத்திருக்கிறது; கடைசியில் மழுங்கலையே குறிக்கும் ‘மொக்கை’ வந்து நிற்கிறது. எந்தக் குழுவும் கூடி இவற்றை ஆக்கவில்லை. ஆனால் வினையாகவும் பெயராகவும் அடையாகவும் வளைந்துகொடுத்து இலக்கணத்துக்குள் சரியாக உட்கார்ந்துகொண்டன.

‘பத்தாம்பசலி’ இன்னும் சுவையானது. பசலி என்பது நிலவரிக் கணக்கின் ஆண்டு. நம் வருவாய்த் துறை இன்றும் ஜூலை முதல் ஜூன் வரை அதைத்தான் எண்ணுகிறது. 2024 ஜூலையில் பிறந்தது 1434ஆம் பசலி. அப்படியானால் பத்தாம் பசலி கி.பி. 600ஐ ஒட்டி வரும். ஆனால் அந்த முறையே அக்பர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. அதாவது ‘பத்தாம் பசலி’ என்ற பெயரில் யாருமே வாழ்ந்திராத ஆண்டு அது. பழங்காலம் பொற்காலம் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடையாது. அவர் திரும்பிப் போக விரும்பும் காலமும் பெரும்பாலும் யாரும் வாழ்ந்திராத காலம்தான்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதே வேலையை ஒரு பெயரில் செய்தார். நந்தனார் கதையின் காலட்சேப வடிவத்தை எடுத்து, முதலெழுத்தை மாற்றிக் கிந்தனார் ஆக்கினார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அந்தக் கிந்தனார் கல்வியைத் தேடிப் போகிறார். பக்திக் கதை கேட்கும் அதே மெட்டில் மக்கள் சாதியைப் பற்றிய புதுக்கதை கேட்டார்கள். சன்னல் திறந்த சத்தமே கேட்கவில்லை. காற்று மட்டும் உள்ளே வந்தது.

குத்தக் கூடாத இடம்

ஆனால் எல்லாக் கேலிச் சொல்லும் நல்ல சொல் ஆகிவிடாது. ‘கட்டுப்பெட்டி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். வெளியுலகம் அறியாத, பழைய முறையில் வளர்க்கப்பட்ட பெண்ணைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம். பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் யார்? அவர்களுக்கு நாம் பெயர் வைக்கவே இல்லை. அடைத்தவர் தப்பித்துவிட, அடைபட்டவர் சிரிப்புக்கு ஆளானார்.

வாடையைச் சொல்லும் சொற்களில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. பிறர் விட்ட மூச்சையே நாம் இழுக்கிறோம் என்பதைச் சொல்ல ‘எச்சில்மூச்சு’ என்று ஒரு சொல் ஆக்கலாம். தம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பவர்கள் நிறைந்த ஊரில் அது உடனே புரியும், சிரிப்பும் வரும். ஆனாலும் அது வேண்டாம் என்பேன். எச்சில், தீட்டு, நாற்றம் என்ற சொற்களை வைத்து இந்நாட்டில் மனிதர்களை மனிதர்கள் எத்தனை தலைமுறை தள்ளிவைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். உழைத்த உடம்பின் வியர்வையைக் கேலி செய்யும் சொல் ஒருநாளும் சன்னலைத் திறக்காது. இன்னொரு கதவைச் சாத்தும். அறையைக் குறை சொல்லலாம், பழக்கத்தைக் குறை சொல்லலாம், அதிகாரத்தைக் குறை சொல்லலாம். உடம்பையும் பிறப்பையும் தொடக் கூடாது. சொல்லாக்குவோர் இதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து சொற்கள்

இந்த விதிக்குள் நின்று ஐந்து சொற்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, முன்மூச்சு. நமக்கு முன் அறையில் இருந்தவர்கள் விட்டுச்சென்ற காற்று. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்கும்முன் பத்து நிமிடம் திறந்து வைக்காத அறையில் நிறைந்திருப்பது அதுவே. முன்னிருந்தவர் சொன்னதை யோசிக்காமல் நாமும் சொல்வதற்கும் அதே பெயர் பொருந்தும்.

இரண்டாவது, குளிர்ப்புழுக்கம். நம் வீடுகளிலும் வங்கிகளிலும் மாட்டியிருக்கும் பெரும்பாலான ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. உடம்புக்குச் சுகமாக இருப்பதால் காற்று நல்லதென்று நம்பிவிடுகிறோம். புதுக் கட்டடம், புதுக் கணினி, புது முத்திரை எல்லாம் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவரை மட்டும் உள்ளே விடாத நிறுவனங்கள் உண்டு. அங்கே நிலவுவதும் குளிர்ப்புழுக்கம்தான். ஐந்தில் நான் பெரிதும் நம்பும் சொல் இது. ஏனெனில் நம் காலத்துக்கே உரிய நோயை இது சொல்கிறது.

மூன்றாவது, விசிறிவாதம். மின்விசிறி காற்றைச் சுற்றிவிடும், மாற்றாது. அதுபோல் ஒரே கருத்தை வேகமாகச் சுற்றிச் சுற்றி வீசுவது இந்த வாதம். தலைவரின், நடிகரின் விசிறிகள் செய்யும் வாதத்தையும் இதுவே குறிக்கும்.

நான்காவது, ஆமாமன்றம். எல்லாரும் ஆமாம் போடுவதற்காகவே கூட்டப்படும் கூட்டம். மாற்றுக்கருத்து உள்ளவர்களுக்கு அழைப்பிதழ் வராது. வந்தாலும் பேச நேரம் வராது.

ஐந்தாவது, ஜன்னலச்சம். கொசு வரும், தூசி வரும், சத்தம் வரும் என்று சொல்லி எப்போதும் சாத்தியே வைப்பது. இந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. கொசு உண்மையிலேயே வரும். அதற்கு வலை அடிக்க வேண்டும். புதிய எண்ணத்தோடு பொய்யும் குப்பையும் வரத்தான் செய்யும். அதற்குச் சோதித்து அறியும் பழக்கமே வலை. சாத்திவைப்பது இரண்டுக்கும் மருந்தாகாது.

வேண்டுகோள்

துறையினரிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, தமிழ்நாட்டு விடுதிகளிலும் பணிமனைகளிலும் டீக்கடைகளிலும் இப்படிப் பிறந்து வழங்கும் சொற்களை, ஊரும் காலமும் குறித்து, ஒலியோடு தொகுக்கும் பணியை இந்த அறக்கட்டளையின் பெயரிலேயே தொடங்குங்கள். அறிவியல் கலைச்சொற்களைக் குழுக்கள் காத்துக்கொள்ளும். இவற்றைக் காக்க ஆளில்லை. அறுவை எந்த விடுதியில் முதலில் அறுத்தது என்று இன்று தேடினால் பதில் கிடைப்பது அரிது. இன்றைய சொற்களுக்கு அந்தக் கதி வேண்டாம். இன்னொன்று, வகுப்பறைகளில் எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள சன்னல்களைத் திறந்து வையுங்கள்; ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று குறுக்கே ஓடாது. கரியமில வாயு அளக்கும் சிறு கருவியை ஒவ்வொரு வகுப்பிலும் ஒருநாள் வைத்து, எண்ணை மாணவர்களே பலகையில் எழுதட்டும். கண்ணால் எண்ணைப் பார்த்த பிள்ளை சன்னலை மூட விடாது.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் தந்த ஐந்து சொற்களையும் போற்றிப் பாதுகாக்க வேண்டியதில்லை. பர்ஜெஸின் புரோமைடே காலப்போக்கில் தேய்ந்த சொல்லாகிவிட்டது. குளிர்ப்புழுக்கமும் ஒருநாள் தேயும். சிரிப்பு நின்ற நாளில் கூசாமல் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதிலாக, எங்கள் தலைமுறையிடம் எங்களுக்கே தெரியாமல் தேங்கிப்போனது எதுவோ, அதற்கு நீங்கள் ஒரு பெயர் வையுங்கள். எங்கள் மூக்கு பழகிவிட்டது, உங்களால்தான் முடியும். வைத்த பெயரை உங்களுக்குள் மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் முகத்தைப் பார்த்து, எங்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். கேட்டதும் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், பிறகு சிரிப்பு வரும், அதன்பின் எழுந்துபோய்த் திறப்போம். அந்தச் சுருக்கைத் தாங்கிக்கொள்வது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை.